கிட்டாரில் காய்ந்த பசை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரம்பூரில் உள்ள என் பட்டறைக்குச் சென்ற மாதம் ஓர் இளைஞர், ராயபுரத்துத் தேவாலயப் பாடகர் குழுவில் தம் தாத்தா வாசித்த பழைய கிட்டாரைக் கொண்டுவந்தார். கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டான பிரிட்ஜை ஒட்டும்போது சிந்திய ஃபெவிக்விக்கை நகப்பூச்சு நீக்கியில் நனைத்த பஞ்சால் துடைத்திருக்கிறார். பசை போயிருந்தது, அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சும் போயிருந்தது. தொழில் கற்ற காலத்தில் இதே தவற்றை ஒரு வாடிக்கையாளரின் கிட்டாரில் நானும் செய்தேன் என்பதால், அந்தப் பஞ்சு எங்கே தொடங்கி எங்கே நின்றது என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

பூச்சு எதுவென்று அறியாமல் அசிட்டோனைத் தொடுவது

காய்ந்த ஃபெவிக்விக்கை, நகப்பூச்சு நீக்கியில் இருக்கும் அசிட்டோன் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் 1960கள் வரை அமெரிக்கக் கிட்டார்களுக்குப் பரவலாகப் பூசப்பட்ட நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரை அது அதைவிட வேகமாகக் கரைத்துவிடும். நகப்பூச்சும் பெரும்பாலும் அதே நைட்ரோசெல்லுலோஸால் ஆனது என்பதை எண்ணிப் பார்த்தால், அதை நீக்கவே தயாரித்த திரவம் கிட்டாரின் மேல் என்ன செய்யும் என்பது விளங்கும். ‘அசிட்டோன் இல்லாதது’ என்று எழுதிய புட்டிகளிலும் எத்தில் அசிட்டேட் இருப்பதுண்டு. அதுவும் லாக்கரைக் கரைக்கும். ஓரத்துப் பிளாஸ்டிக் பட்டைகளும் தப்புவதில்லை.

இந்த வழி சில நேரம் பலித்துவிடுவதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. இன்று கடையில் வாங்கும் பெரும்பாலான கிட்டார்களில் இருப்பது பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர் பூச்சு. ஒருமுறை வேகமாகத் துடைத்தால் அது தாங்கிக்கொள்ளும். அப்படித் தம் புதுக் கிட்டாரில் வெற்றி கண்டவர் அடுத்தவருக்குச் சொல்ல, கேட்டவர் அதை வீட்டிலிருக்கும் பழைய கிட்டாரில் செய்கிறார்.

ஆகவே முதலில் சோதியுங்கள். வார்ப்பட்டை மாட்டும் குமிழைக் கழற்றி, அது மறைத்திருந்த இடத்தில் காதுகுடையும் பஞ்சுக் குச்சியால் ஒரு துளி லாக்கர் தின்னரை வையுங்கள். பூச்சு பிசுபிசுத்தால் அது லாக்கர். எரிசாராயத்துக்கு இளகினால் அது அரக்குப் பாலிஷ். இரண்டிலும் அசிட்டோனுக்கு இடமில்லை.

அசிட்டோனுக்குப் பதிலாக, சவர பிளேடின் இரு முனைகளிலும் செல்லோடேப்பைச் சுற்றி, நடுவில் பசையின் அகலத்துக்கு மட்டும் கூர் விளிம்பை விட்டு, பிளேடைச் சற்று வளைத்துப் பிடித்துச் சுரண்டினால், டேப்பின் கனம் பூச்சைக் காக்கும், மேட்டை மட்டும் பிளேடு சீவும். எஞ்சிய மெல்லிய படலத்தைச் சிறு கட்டையில் சுற்றிய 1500, பிறகு 2000 எண் உப்புத்தாளால் ஈரத்தோடு தேய்த்துப் பாலிஷ் போடலாம். பிரிட்ஜ் துளைகளில் மட்டும் நீர் இறங்கக் கூடாது. இறங்கினால் மரம் உப்பிப் பூச்சு வெடிக்கும்.

ஈரமான ஃபெவிக்விக்கைத் துடைப்பது

துடைக்காதீர்கள், காயவிடுங்கள்.

ஃபெவிகாலைச் சுரண்டுவது

தேவையே இல்லை. வெதுவெதுப்பான நீரில் பிழிந்த துணியைச் சில நிமிடம் வைத்தால் அது வெளுத்து இளகும். ஐஸ்கிரீம் குச்சியால் தள்ளிவிடலாம். அரக்குப் பாலிஷ் மீது மட்டும் துணியை நெடுநேரம் வைக்காதீர்கள், வெள்ளைத் திட்டு விழும்.

ஹேர் டிரையர்

வேண்டாம். பிரிட்ஜின் பசையும் சேர்ந்து இளகும்.

மழைக்காலத்தில் லாக்கர் பூசுவது

சேதத்தைக் கண்ட பதற்றத்தில் அன்றே லாக்கர் வாங்கிப் பூசுகிறார்கள். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் உலரும் லாக்கரில் அது சிக்கிப் பால்போல வெளுத்துவிடும்; வடகிழக்குப் பருவமழையில் கடலோரத்தில் வேறெப்படி இருக்கும்? அந்த இளைஞரின் கிட்டாரை உறையிலிட்டு வைத்திருக்கிறேன். ஜனவரியில்தான் அதன் மேல் கை வைப்பேன்.