தனி பைலட்டாகக் கருவிவழிப் பறக்கையில் ஏடிசி ஆணை திடீரென மாறினால்

சித்திரை, வைகாசி மாத மாலைகளில் பெங்களூரை நெருங்கும் சிறு விமானம், ஏடிசி எனும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டிடமிருந்து முதலில் கிடைத்த அனுமதி தரையிறங்கும் வரை மாறாமல் இருக்கும் என்று எண்ணிப் பறக்கக் கூடாது. ஓர் இடிமேகம் நகர்ந்தால் காற்றின் திசை மாறும். அதைத் தொடர்ந்து 27 என்று சொல்லப்பட்ட ஓடுபாதை, எதிர்த்திசையான 09 ஆகிவிடும். அந்த மாற்றம் முடியும்வரை வரிசையில் உள்ள விமானங்களுக்குப் புது ஹெடிங் (மூக்கு நோக்கும் திசை), புது வேகம், ஹோல்டிங் (ஓரிடத்திலேயே சுற்றிக் காத்திருத்தல்) என ஆணைகள் அடுத்தடுத்து வரும். இரண்டு பைலட்டுகள் இருந்தால் ஒருவர் பறக்க, மற்றவர் எழுதிக்கொண்டு பதில் சொல்வார். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துத் தனியாகப் பறப்பவரோ இரண்டையும் ஒரே தலையால் செய்ய வேண்டும் என்பதால், ஆணைக்கு எவ்வளவு வேகத்தில் பதில் தருவது என்பதை அவரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

ஆணை காதில் விழுந்ததும் முதலில் பார்க்க வேண்டியது விமானத்தைத்தான். இறக்கைகள் சமநிலையில் உள்ளனவா, உயரம் நிற்கிறதா என்று உறுதிசெய்து, ஆட்டோபைலட்டை ஹெடிங், உயரம் ஆகிய இரண்டு நிலைகளில் வைத்துக்கொண்ட பிறகே பேனாவை எடுக்க வேண்டும். வணிகப் பறத்தலில் தனி பைலட் கருவிவழி செல்வதற்கு, உயரத்தைப் பிடித்து நிறுத்தவும் ஹெடிங்கைத் தேர்ந்தெடுக்கவும் வல்ல ஆட்டோபைலட் இருக்க வேண்டும் எனச் சர்வதேச விதிகள் கேட்பதும் இந்தக் காரணத்துக்காகத்தான். சொந்த விமானத்தில் பறப்பவரும் அதையே தம் குறைந்தபட்சமாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஹெடிங், உயரம், வேகம், ஆல்டிமீட்டர் (உயரமானி) அழுத்தம், டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) எண், ஓடுபாதை ஆகியவற்றைத் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் புரியாத ஒன்றைக் கிளிப்பிள்ளை போலத் திருப்பிச் சொல்வது பெரும் ஆபத்து, ஏனெனில் கேட்ட சொற்கள் சரியாகத் திரும்பி வந்தால் உங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்றே கன்ட்ரோலர் நம்புவார். சரியாகக் கேட்காவிட்டால் ‘சே அகெய்ன்’, நேரம் வேண்டுமென்றால் ‘ஸ்டாண்ட்பை’, செய்ய இயலாது என்றால் காரணத்தோடு ‘அன்ஏபிள்’ என்று சொல்லுங்கள். இயலாது என்று சொல்வதை மரியாதைக் குறைவாக நினைத்துத் தயங்குகிற இளம் பைலட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கம் வேண்டாம், உங்கள் விமானத்தால் எது முடியாது என்பதைக் கன்ட்ரோலர் ரேடாரில் பார்த்து அறிய முடியாது. வழித்தடமே மாறிவிட்டால் ஜிபிஎஸ்ஸில் புள்ளிகளைத் தட்டத் தொடங்குவதற்கு முன், அந்தப் புள்ளியை நோக்கித் தற்காலிகமாக ஒரு ஹெடிங் தருமாறு கேளுங்கள்.

தனி பைலட்டை அதிகம் திணறவைப்பது எதிர்பாராத ஹோல்டிங். கோயம்புத்தூரிலிருந்து 020 ஹெடிங்கில் வருகிறீர்கள், விஓஆர் எனும் வழிகாட்டி ரேடியோ நிலையத்தின் 060 ரேடியலில் (நிலையத்திலிருந்து 060 பாகைத் திசையில் வெளியே செல்லும் கோட்டில்), வலத் திருப்பங்களுடன் ஹோல்ட் செய்யும்படி ஆணை வருகிறது என்று வையுங்கள். அந்தச் சுற்றுக்குள் எப்படி நுழைவது என்று அறிய, ஹெடிங் கருவியில் 060 எங்கே விழுகிறது என்று பாருங்கள். மூக்குக்கு வலப்புறம் 70 பாகைக்குள் இருந்தால் டியர்டிராப் நுழைவு, இடப்புறம் 110 பாகைக்குள் இருந்தால் பேரலல் நுழைவு (கோட்டுக்கு இணையாக வெளியே சென்று திரும்புவது), மற்ற இடங்களில் விழுந்தால் நேரடி நுழைவு. இங்கே அது வலப்புறம் 40 பாகையில் உள்ளது. ஆகவே நிலையத்தைக் கடந்ததும் 060இலிருந்து 30 பாகையைக் கழித்து 030 ஹெடிங்கில் ஒரு நிமிடம் சென்று, வலமாகத் திரும்பி நிலையத்தை நோக்கிய 240 பாதையைப் பிடிக்க வேண்டும். திருப்பம் இடப்பக்கம் என்றால் இந்தக் கணக்கு அப்படியே கண்ணாடிப் பிம்பமாகிவிடும். நுழைவு வகையை நினைவுகூர முடியாமல் போனாலும் சுற்று அமையும் பாதுகாக்கப்பட்ட பக்கத்திலேயே இருந்து ஒரு நிமிட நேர்பகுதியை முடிப்பதுதான் முக்கியம்.

ஹோல்டிங் என்ற சொல் வந்த உடனே, எந்நேரம் வரை என்று கேட்டு எரிபொருளைக் கணக்கிடுங்கள். பிஸ்டன் விமானத்துக்கான இறுதிக் கையிருப்பு 45 நிமிடம். இதற்கு மேல் தாமதமானால் அந்தக் கையிருப்பைத் தொட வேண்டி வரலாம் என்ற நிலையில் ‘மினிமம் ஃபியூயல்’ என்று அறிவிக்க வேண்டும். அதனால் முன்னுரிமை கிடைத்துவிடாது. கையிருப்பைத் தொடாமல் தரையிறங்கவே முடியாது என்று கணக்கு காட்டினால் ‘மேடே ஃபியூயல்’ என்று அவசரநிலையை அறிவிக்கத் தயங்கவே கூடாது.

கடைசி நேரத்தில் ஓடுபாதை மாறினால், அதில் இறங்கும் புதிய வழிமுறையைத் தயார்செய்ய ஒரு வெக்டரோ (கன்ட்ரோலர் தரும் ஹெடிங்) ஒரு சுற்றோ கேட்டுப் பெறுங்கள். அலைவரிசை, உள்வரும் பாதை, தீர்மான உயரம் (ஓடுபாதை தெரியாவிட்டால் மேலேற வேண்டிய உயரம்), தரையிறங்க முடியாவிட்டால் முதலில் செய்ய வேண்டியது ஆகிய நான்கும் முடியாமல் கீழே இறங்காதீர்கள். கடல்மட்டத்தை ஒட்டிய சென்னையில் பயின்றவர்கள் இங்கே கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்: பெங்களூரின் கெம்பெகௌடா விமான நிலையம் சுமார் 3,000 அடி உயரத்தில் உள்ளதால், தரைக்கு 200 அடி மேலே தீர்மானிக்க வேண்டிய இடத்தில் ஆல்டிமீட்டர் ஏறக்குறைய 3,200 காட்டும். வடக்கே நந்தி மலை 4,800 அடிக்கும் மேல் நிற்கிறது. வெக்டர் தரும்போது நிலத்தடைகளிலிருந்து விலக்கி வைப்பது கன்ட்ரோலரின் பொறுப்பென்றாலும், அந்தத் திசையின் பாதுகாப்பு உயரத்தை நீங்களும் மடியில் குறித்து வைத்திருங்கள்.

வேகம் பற்றிய ஆணைகள் எளியவை. வேகம் மாறினால் இறங்கு வேகமும் மாற வேண்டும்; தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் மூன்று பாகைச் சரிவுக்கான இறங்கு வேகம் கிடைக்கும்: 90 நாட் என்றால் நிமிடத்துக்கு 450 அடி, 120 என்றால் 600. பின்னால் ஜெட் வருவதால் வேகத்தைக் கூட்டச் சொன்னால், எந்த இடம் வரை உங்களால் அதைத் தாங்க முடியும் என்று சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள். ரேடியோ முற்றிலும் மௌனமானால் டிரான்ஸ்பாண்டரில் 7600 வையுங்கள்.

இவற்றையெல்லாம் தரையிலேயே பழக முடியும். அல்சூரிலோ சிவாஜி நகரிலோ உள்ள ஒரு நண்பரைக் கன்ட்ரோலராக அமர்த்தி, நீங்கள் வீட்டுக் கணினியில் சிமுலேட்டரை ஓட்டும்போது அவர் விரும்பிய கணத்தில் ஆணைகளை மாற்றட்டும். அவருக்கு விமானம் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு தாளில் பதினைந்து ஆணைகளை எளிதாகப் படிக்கும்படி எழுதிக் கொடுத்தால் போதும். அவற்றில் இரண்டு மூன்று, உங்கள் விமானத்தால் நிறைவேற்றவே முடியாதவையாக இருக்கட்டும்.