எக்ஸ்எம்எல் இல்லாமல் கேமல் ரூட்டில் ரெஸ்ட் கிளையன்ட்

அப்பாச்சி கேமலில் (மென்பொருள்களுக்கு இடையே செய்திகளைக் கடத்தும் ஜாவா கருவி) ரெஸ்ட் சேவையை (எச்டிடிபி வழியாக அழைக்கப்படும் சேவை) அழைக்கும் கிளையன்ட்டை எக்ஸ்எம்எல் டேக்கில் எழுத வேண்டியதில்லை. ஸ்பிரிங் கான்ஃபிகரேஷன் கிளாஸில் 'ஸ்பிரிங்ஜாக்ஸ்ஆர்எஸ்கிளையன்ட்ஃபேக்டரிபீன்' ஆப்ஜெக்டைத் திருப்பித் தரும் ஒரு பீன் (ஸ்பிரிங் உருவாக்கிப் பராமரிக்கும் ஆப்ஜெக்ட்) மெத்தட் போதும். அதில் முகவரி, இன்டர்ஃபேஸ் கிளாஸ், ஜாக்சன் ஜேசன் புரொவைடர் (ஆப்ஜெக்டை ஜேசனாகவும் ஜேசனை ஆப்ஜெக்டாகவும் மாற்றுவது) மூன்றையும் செட் செய்யுங்கள். ரூட்டில் (செய்தி செல்லும் வழியைச் சொல்லும் பகுதி) 'சிஎக்ஸ்எஃப்ஆர்எஸ்:பீன்:' என்பதை அடுத்து அந்த பீனின் பெயரை எழுதுங்கள்; சிஎக்ஸ்எஃப்ஆர்எஸ் என்பது ரெஸ்ட் சேவைகளுக்கான கேமல் காம்போனென்ட்.

புரொவைடரை விட்டுவிட்டால் ஆப்ஜெக்டை அனுப்பும்போது 'மெசேஜ் பாடி ரைட்டர்' கிடைக்கவில்லை என்ற பிழை வரும். கேமல் 4 என்றால் இன்டர்ஃபேஸில் உள்ள இம்போர்ட்கள் ஜகார்டாவுக்கு மாறியிருக்க வேண்டும். பழைய ஜாவாக்ஸ் அனோடேஷன்களை கேமல் 4 கண்டுகொள்ளாது.

பலரும் தடுக்கி விழும் இடம் ஹெடர்கள்தான். இயல்பாக கேமல் எச்டிடிபி ஏபிஐ வழியில் போகும். பாதை, எச்டிடிபி மெத்தட் (கெட், போஸ்ட் போன்றவை) இரண்டையும் ஹெடரில் நீங்களே தர வேண்டும். இன்டர்ஃபேஸ் மெத்தட்டையே அழைக்க 'கேமல்சிஎக்ஸ்எஃப்ஆர்எஸ்யூசிங்எச்டிடிபிஏபிஐ' ஹெடரை ஃபால்ஸ் ஆக்கி, ஆபரேஷன் பெயரை (அந்த மெத்தட்டின் பெயர்) ஹெடரில் தாருங்கள். எக்ஸ்சேஞ்ச் பேட்டர்னை இன்அவுட் (கோரிக்கை அனுப்பிப் பதிலைப் பெறும் முறை) என்று வையுங்கள்.

ரூட் ஒரு எச்டிடிபி எண்ட்பாயின்டில் தொடங்கினால், உள்ளே வந்த கோரிக்கையின் பாதை ஹெடர் அப்படியே வெளியே போய் 404 (முகவரி இல்லை என்ற பிழை) வாங்கித் தரும். முகவரி சரியாக இருந்தும் 404 என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். அழைப்புக்கு முன் 'கேமல்எச்டிடிபி*' ஹெடர்களை நீக்கிவிட்டு, உங்களுடையதை அதன்பின் வையுங்கள்.

டைம்அவுட்டை மறக்க வேண்டாம்: இணைப்புக்கு 30 விநாடி, பதிலுக்கு 60 விநாடி என்பதே இயல்பு. 'சிஎக்ஸ்எஃப்ஆர்எஸ்கான்ஃபிகரர்' வழியாக மில்லிவிநாடியில் மாற்றலாம். 0 கொடுத்தால் முடிவில்லாமல் காத்திருக்கும்.