ஓபிடி: வேலை தேடும் அவசரத்தில் நாள் கணக்கை விட்டுவிடாதீர்கள்

அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்து முடித்தவர்கள், ஓபிடி என்ற செயல்முறைப் பயிற்சி அனுமதியில் 12 மாதம் தங்கள் துறையில் வேலை பார்க்கலாம். நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட இதில் நாள் கணக்குப் பிசகி மாட்டிக்கொள்வதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பிசகு விண்ணப்பத்திலேயே ஆரம்பிக்கிறது. வேலை அனுமதி கேட்கும் ஐ-765 படிவத்தை, படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்து 60 நாள் வரை அனுப்பலாம். அந்தத் தேதி, பல்கலைக்கழகம் தரும் ஐ-20 ஆவணத்தில் இருப்பது. பட்டமளிப்பு விழா தேதி அல்ல. இதற்குள் இன்னொரு கெடுவும் ஒளிந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அதிகாரியான டிஎஸ்ஓ, செவிஸ் என்ற அரசின் மாணவர் பதிவுத் தளத்தில் பரிந்துரையைப் பதிந்த 30 நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். 60 நாள் இருக்கிறதே என்று இருந்தால் இதைத் தவறவிடுவீர்கள்.

அடுத்தது, வேலையில்லாத நாட்கள். மொத்தம் 90 நாள்தான் அனுமதி. வேலை அனுமதி அட்டையில் அச்சாகியிருக்கும் தொடக்கத் தேதியிலிருந்து எண்ணிக்கை ஓடுகிறது. சனி, ஞாயிறும் சேர்த்தி. வேலை கிடைக்கும்வரை ஊருக்குப் போய் வரலாம் என்று கிளம்பினால், வீட்டில் இருக்கும் நாட்களும் கழிந்துகொண்டேதான் இருக்கும். வேலை கிடைத்தும் பதியாமல் விடுகிறவர்கள் உண்டு. 10 நாளுக்குள் பதியுங்கள், இல்லையென்றால் செவிஸில் நீங்கள் வேலையில்லாதவர்தான். சம்பளம் இல்லாவிட்டாலும், உங்கள் துறை சார்ந்து வாரம் குறைந்தது 20 மணி நேரம், சட்டத்துக்கு உட்பட்டுச் செய்யும் தன்னார்வப் பணி முதல் 12 மாதத்தில் கணக்கில் வரும். பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் கேட்டுப் பாருங்கள். எண்பதாவது நாள் நெருங்கும்போது, காசு வாங்கிக்கொண்டு பெயருக்கு வேலைக் கடிதம் தருகிறவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். அந்தப் பொய் பின்னாளில் எச்-1பி வேலை விசா, கிரீன் கார்டு வரை துரத்தும்.

ஸ்டெம், அதாவது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதம் உண்டு. ஆனால் நிறுவனம், ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசுத் தளமான ஈ-வெரிஃபையில் இருக்க வேண்டும், சம்பளம் கட்டாயம், ஓபிடி முடியும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். படிக்கும்போதே முழுநேர சிபிடி (பாடத்திட்டத்தின் பகுதியாகச் செய்யும் வேலைப் பயிற்சி) 12 மாதம் எடுத்திருந்தால் அந்தப் பட்டத்துக்கு ஓபிடியே கிடையாது.

முதல் சம்பளச் சீட்டையும் பாருங்கள். அமெரிக்கா வந்து ஐந்து காலண்டர் ஆண்டு கடக்காத எஃப்-1 மாணவர்களிடம் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி 7.65 சதவீதம் பொதுவாகப் பிடிக்கக் கூடாது. பிடித்திருந்தால் முதலில் நிறுவனத்திடமே திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் வரித்துறைக்கு 843-ஆம் படிவம் அனுப்பலாம்.