பின்னொளித் தொலைக்காட்சிக்கு விளக்கு மாற்றும் முன்

பின்புறமிருந்து திரையில் ஒளிபாய்ச்சும் பெரிய டிஎல்பி (நுண்கண்ணாடிகள் கொண்ட சில்லால் படம் காட்டும்) தொலைக்காட்சியில் படம் மங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது விளக்கைத்தான். ஆனால் உள்ளேயிருந்து கீச்சென்ற ஓசை கேட்டால் ஒளிக்கு நிறமூட்டச் சுழலும் வண்ணச் சக்கரம் பழுதாகியிருக்கலாம், அந்நிலையில் புது விளக்கு வீண்செலவு.

மாடல் எண்ணையும் விளக்கைத் தாங்கும் கூட்டின் எண்ணையும் குறித்துக்கொண்டு, கோலாலம்பூர் ஜாலான் பாசாரிலுள்ள உதிரிபாகக் கடைகளில் விசாரியுங்கள். வெறும் விளக்கு மலிவுதான். அதைப் பழைய கூட்டில் பொருத்தக் கை பழகியிருக்க வேண்டும் என்பதால், கூட்டோடு வாங்குவதே நல்லது என்பேன். 6,000 மணி நேரம் உழைக்கும் விளக்கு, நாளுக்கு 5 மணி நேரம் பார்த்தால், 3 ஆண்டுக்குச் சற்று மேல் வரும். கடைக்காரர் கேட்கும் வெள்ளியை (ரிங்கிட்டை) அந்த ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள்.

தீபாவளிக்குள் மாட்டிவிட வேண்டும் என்று அவசரப்படாமல், பிளக்கைப் பிடுங்கி, அரைமணி நேரம் ஆறவிட்டு, திருகுகளைத் தளர்த்தி, கைப்பிடியைப் பிடித்து நேராக இழுங்கள். கண்ணாடியில் விரல் படக்கூடாது. ஒட்டிய எண்ணெய்ப் பசை சூடேறி விளக்கின் ஆயுளைக் குறைக்கும். பாதரசம் இருப்பதால் பழையதைக் குப்பையில் வீசாதீர்கள். பிறகு மெனுவில் விளக்கு நேரத்தைப் பூஜ்ஜியமாக்குங்கள்.

2006இல் சாம்சுங், இவ்விளக்குக்குப் பதிலாக எல்இடி ஒளியுள்ள மாடலைக் கொண்டுவந்தது. 2012இல் மிட்சுபிஷியும் பின்னொளித் தொலைக்காட்சித் தயாரிப்பையே கைவிட்டது. ஆகவே, காலம் கடந்துவிட்ட இந்தத் தொலைக்காட்சிக்காகக் கைவசம் இருக்கட்டும் என்று இரண்டாவது விளக்கை வாங்கிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.