பக்கத்து வீட்டு டிஷ்ஷைப் பார்த்துத் திருப்பாதீர்கள்

மன்னார்குடிப் பக்கம் இருபது வருஷமாக டிஷ் மாட்டுகிறேன். தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான ஃப்ரீ டிஷ்ஷில் படம் போனால் நீங்களே சரிசெய்யலாம்.

முதலில் டிஷ்ஷைத் தாங்கும் குழாய்க்குத் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். 2018 கஜா புயலுக்குப் பிறகு நான் ஏறிய பல மாடிகளில் குழாய்தான் சாய்ந்திருந்தது. அது நேராக இல்லையென்றால் எந்த அளவும் சரியாக வராது.

அப்புறம் திசை. ஃப்ரீ டிஷ் வரும் செயற்கைக்கோளான ஜிசாட்-15 இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். நமக்கு அது அக்கினி மூலை. அதிலும் எட்டு டிகிரி போல கிழக்கே தள்ளி. ஏற்றம், அதாவது தரைமட்டத்திலிருந்து வானம் நோக்கிய கோணம், கிட்டத்தட்ட 69 டிகிரி. நட்டை விரலால் மட்டும் இறுக்கி, ஓர் அரிசிமணி அகலம் நகர்த்தி, இரண்டு மூச்சு பொறுங்கள். டிவி முன்னால் நிற்பவர் திரையில் தெரியும் சிக்னல் குவாலிட்டி எண்ணைச் சொல்லட்டும். அவசரப்பட்டால் சிக்னலைத் தாண்டிவிடுவீர்கள்.

பக்கத்து வீட்டில் கட்டண டிஷ் சேவையான டாடா பிளே என்றால் அந்த டிஷ் பார்க்கும் இடமே வேறு: தீர்க்கரேகை 83 டிகிரி, ஏறக்குறைய தெற்கு. அங்கே நிற்கும் ஜிசாட்-24 நம் அரசு நிறுவனமான நியூஸ்பேஸ் இந்தியாவுடையது. 2019ல் தொடங்கிய நிறுவனம், 2022ல் அதை ஏவி முழுக் கொள்ளளவையும் டாடா பிளேக்கே குத்தகைக்குக் கொடுத்தது. 1983ல் நம் இன்சாட்-1பி செயற்கைக்கோளை அமெரிக்க விண்கலம் சுமந்துபோனது. அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதில் எனக்குப் பெருமைதான்.

எண் உச்சத்தில் நின்றதும் ஸ்பானரால் இறுக்கி, கேபிள் முனைக்கு டேப் சுற்றுங்கள். ஐப்பசி அடைமழையில் படம் உறைந்தால் டிஷ்ஷைத் தொடாதீர்கள். மழை விட்டதும் தானே வரும்.