இரண்டு துண்டா, நான்கு துண்டா?

ஈ போலச் செய்த தூண்டில் முள்ளை வீசி மீன்பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங்குக்குக் கோல் வாங்கும்போது, எப்படிப் பயணம் செய்வீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள். 9 அடிக் கோல் இரண்டு துண்டானால் ஒவ்வொன்றும் நாலரை அடி. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரின் முறைப்பையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். நான்கு துண்டானால் ஏறத்தாழ 27 அங்குலம், முதுகுப்பையோடு கட்டிவிடலாம். இணைப்பு கூடினால் வளைவு கெடும் என்பது பித்தளை இணைப்புக் காலத்துப் பேச்சு. இன்றைய கார்பன் கோல்களில் எனக்கு வேறுபாடு தெரிவதில்லை. காரிலேயே கரைவரை போகிறவருக்கு இரண்டு துண்டே போதும்.

ஒன்று மட்டும்: துண்டு கூடினால் கவனிப்பும் கூட வேண்டும். அவ்வப்போது ஒவ்வோர் இணைப்பையும் தொட்டு இறுக்குங்கள். தளர்ந்த இடத்தில்தான் கோல் பிளக்கும். ஒருமுறை என் நுனித்துண்டு வீச்சோடு கழன்று ஓடையில் விழுந்தது. தூண்டில் நரம்பின் முனையில் அந்தப் போலி ஈ கட்டியிருந்ததால் அதில் தடுத்து நின்றது.