நண்பரின் பில்லியர்ட்ஸ் கோலை விற்கும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் நண்பர், தனியாகச் சொல்லிச் செய்வித்த தம் பழைய பில்லியர்ட்ஸ் கோலை (பந்தை அடிக்கும், இரண்டு பாகமாகக் கழலும் கியூ) விற்றுத் தரச் சொன்னார். பளபளப்பாக்கலாமே என்று நான் உப்புத்தாளைக் கையில் எடுத்துவிட்டேன். நல்லவேளை, தேய்க்கவில்லை. தேய்த்தால் முன்தண்டின் விட்டம் குறையும். 13 மில்லிமீட்டரில் அரை மில்லிமீட்டர் போனாலும் பிடிப்பே வேறாகிவிடும். உலர்ந்த மென்துணியால் நுனியில் பூசும் நீலச் சாக்பீஸ்தூளைத் துடைத்தால் போதும். அழுக்கேறிய கைப்பிடிச் சுற்றையும் மாற்றாதீர்கள். அபூர்வப் பொருள் வாங்குகிறவர் பழையதைத்தான் தேடுகிறார்.

இரண்டு பாகங்களையும் தனித்தனியாகவும், பூட்டியும் மேசையில் உருட்டிப் பாருங்கள். அடியில் தெரியும் வெளிச்சக்கீற்று விரிந்து சுருங்கினால் வளைவு இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு திருப்பி அனுப்புவார்கள். எடை அவுன்சில், திருகாணி அளவு, செய்தவர் கையொப்பம்: எல்லாவற்றுக்கும் கிட்டத்தில் எடுத்த படம் வேண்டும்.

முனை வளையம் தந்தமா என்று கட்டாயம் பாருங்கள். தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு, அருகிவரும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸ் 1989இல் தடை விதித்தது. டர்பனிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பினால் சிக்கல். உள்ளூரில் விற்பதானாலும் வனவிலங்கு அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள்.

குறைந்தபட்ச விலையை ரேண்டில் நண்பரிடம் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.